வராத நெடி

முதலில் அந்தச் சத்தம்தான். இருட்டி வெகுநேரம் கழித்து, கட்டடம் முழுக்க அடங்கிய பிறகு, எங்கள் வாசலுக்கு வெளியே மூன்று சுரம் ஏறும். விளையாட்டுப் பொம்மைக்குச் சாவி கொடுத்தால் வருமே, அந்த மாதிரி. ஒரு நிமிடம் ஒன்றும் இருக்காது. பிறகு அதே மூன்று சுரம் இறங்கும். மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். ஒரு ராத்திரி என் மகள் பூவிழிக்குப் பால் கொடுத்துக்கொண்டே எண்ணினேன். பதினேழு தடவை.

இருங்கள் தாரிணி, எழுந்திருக்காதீர்கள். மிளகாய் வத்தல் இருக்கிறதா என்றுதானே கேட்டீர்கள்? இருக்கிறது. என் அத்தை கொடுத்தனுப்பிய பொட்டலம் உங்கள் பெட்டியில்தானே வந்தது, அதிலேயே அரைக் கிலோ இருக்கும். பையன் நேற்றிலிருந்து அழுகிறான், புது ஊர், ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், சுற்றிப் போட வேண்டும் என்கிறீர்கள். தப்பே இல்லை. தருகிறேன். அதற்கு முன்னால் எதிர்வீட்டுக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். லிஃப்டை விட்டு வரும்போது பார்த்திருப்பீர்கள். சாத்தியிருக்கிறது, இல்லையா? போன வெள்ளிக்கிழமை வரை அந்தக் கதவு சாத்திக் கிடந்து யாரும் பார்த்ததில்லை.

இந்த ஊர்ப் பூட்டுக்குச் சாவி கிடையாது, நம்பர்தான். உங்களுக்கும் இரண்டு நாளில் பழகியிருக்கும். சாத்தினால் ஒரு பாட்டு, திறந்தால் ஒரு பாட்டு. நாங்கள் வந்தது போன செப்டம்பரில். வந்த முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது, அந்தச் சத்தம் எதிர்வீட்டுப் பூட்டு. ராத்திரியானால் அந்த அம்மா கதவைச் சாத்துவாள். ஒரு நிமிடம். திறப்பாள். சாத்துவாள். கடைசியில் மரக்கட்டை ஒன்றை அடியில் முட்டுக் கொடுத்து, ஒரு ஜாண் திறந்தபடியே விட்டுவிடுவாள். பகல் முழுக்க அப்படியேதான் கிடக்கும். குளிருக்கு உள்பக்கம் ஒரு போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டிருப்பாள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்கு நிற்கும்போது அந்தப் போர்வை ஓரத்தில் ஒரு கண் தெரியும். என்னைப் பார்க்காது. பூவிழியை மட்டும் பார்க்கும்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. சாத்தூரில் கான்வென்ட்டில் பன்னிரண்டு வருடம் படித்தவள். எங்கள் சிஸ்டர் இருட்டு அறையில் தனியாக நிற்க வைத்துத்தான் பயம் தெளிய வைப்பார். ஆனால் தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், ஏழாவது மாடியில், காலை எட்டரையிலிருந்து ராத்திரி பத்து வரை நானும் ஒன்றரை வயதுக் குழந்தையும் மட்டும். என் வீட்டுக்காரர் வேல்சாமிக்கு ஆராய்ச்சிக்கூடம்தான் வீடு, உங்களவருக்கும் இனி அப்படித்தான், மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

"அவங்க வீட்டுக் கதவ அவங்க திறந்து வச்சா உனக்கென்ன? நம்மூர்ல எல்லா வீடும் திறந்துதான கெடக்கும்."

"நம்மூர்ல நடுராத்திரியில பதினேழு தடவ திறந்து மூட மாட்டாங்க."

"எண்ணிக்கிட்டா இருந்த? அப்ப உனக்குத்தான் ஏதோ கோளாறு."

அக்டோபர் கடைசியில் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கையில்லாத குட்டிச் சட்டை. மஞ்சள் துணி, சிவப்புக் கரை. தையல் அப்படி ஒரு நேர்த்தி, மிஷின் போட்டதா கை போட்டதா என்று தெரியாது. யார் வைத்தது என்று கேட்கவே வேண்டாம், போர்வைக்குப் பின்னால் கண் இருந்தது. பூவிழிக்குப் போட்டுப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"மூணு வயசுப் பிள்ளைக்கு தெச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

"வளரும்ல" என்றார் அவர்.

அவர் ஆபீசுக்குப் போனதும் கொண்டுபோய்க் கீழே பழைய துணி போடுகிற பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது, சொல்லுங்கள். யாரோ ஒருத்தி, முகம் கூடச் சரியாகத் தெரியாது, உங்கள் பிள்ளைக்குத் துணி கொடுத்தால் போடுவீர்களா? மறுநாள் கீழே பே என்று வாட்ச்மேன் இருக்கிறாரே, நரைத்த மீசைக்காரர், வலது கையில் இரண்டு விரல் இருக்காது, அவரிடம் போனேன். இங்கே போனில் பேசினால் அதுவே மொழிபெயர்த்து எழுதிக் காட்டும், அதை நீட்டினேன். எதிர்வீட்டுக் கதவால் ராத்திரி தூக்கமில்லை, குழந்தை பயப்படுகிறது, சாத்தச் சொல்லுங்கள் என்று. குழந்தை ஒன்றும் பயப்படவில்லை. ஒரு அழுத்தத்துக்காகச் சேர்த்துக்கொண்டேன். அவர் படித்துவிட்டுப் பல்லைக் கடித்துக் காற்றை உள்ளே இழுத்தார். தர்மசங்கடம் வந்தால் இந்த ஊர் ஆண்கள் அப்படித்தான் செய்வார்கள். இரண்டு நாளில் லிஃப்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். இரவில் கதவுச் சத்தம் தவிர்க்கவும். வீட்டு எண் போடவில்லை. ஆனாலும் கட்டடத்துக்கே தெரியும் யார் என்று.

அதற்கப்புறம் சத்தம் குறைந்தது. முட்டுக்கட்டை மட்டும் அப்படியே இருந்தது.

ஜனவரியில் பூவிழிக்குக் காய்ச்சல். நாலு நாள் சாப்பிடவில்லை, சிணுங்கல், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது. டாக்டர் வைரஸ் என்றார், மருந்து கொடுத்தார். என் அத்தை வீடியோ காலில் குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் உதட்டைப் பிதுக்கினார்.

"கண்ணுடி இது. யாரு பாத்தா?"

"எதிர்வீட்டுல ஒரு அம்மா, பாத்துக்கிட்டே இருப்பாங்க அத்தை."

"அப்புறம் என்னத்துக்கு டாக்டரு? வத்தல் ஏழு, கல்லுப்பு, கடுகு. வாசப்படியில வச்சு மூணு சுத்து சுத்தி நெருப்புல போடு. நெடி வருதா பாரு. இருமல் வந்தா வெறும் காய்ச்சல். நெடியே வரலைன்னா கண்ணுதான், தெரிஞ்சுக்க."

நீங்களும் கேள்விப்பட்டதுதானே இது? நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நான் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள், இருந்தாலும் பிள்ளை என்று வந்துவிட்டால் இயற்பியல் எங்கே நிற்கிறது.

அவர் இல்லாத சாயங்காலம். வெளியே பனி கொட்டி முடித்திருந்தது. தீ அலாரம் அடித்துவிடக் கூடாது என்று பின்பக்கம் பால்கனி ஜன்னலை முழுக்கத் திறந்தேன், வாசல் கதவையும் திறந்தேன். இரும்புச் சட்டியை அடுப்பில் காய வைத்து, செருப்பு விடுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்து, ஊரிலிருந்து கொண்டு வந்த கர்ப்பூரம் நாலைந்து கட்டியைப் போட்டுக் கொளுத்தினேன். குழந்தையை நிற்க வைத்து மூன்று சுற்று. ஊர்க் கண்ணு உறவுக் கண்ணு என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக் கண்ணு என்று சத்தமாகச் சொன்னேன். வத்தலைப் போட்டேன். படபடவென்று வெடித்தது.

நெடி வரவில்லை.

குனிந்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. ஏழும் சாத்தூர் வத்தல், ஒன்று கருகினாலே தெரு தும்மும். எனக்கு மூக்குகூட உறுத்தவில்லை. நான் சந்தேகப்பட்டது சரி, அத்தை சொன்னது சரி. அவ்வளவு கண். எனக்கு அந்த நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

பின்னால் ஜன்னலிலிருந்து ஏழாவது மாடிக் காற்று என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. புகை என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வாசலைத் தாண்டி, நாலடி நடையைக் கடந்து, ஒரு ஜாண் திறந்திருந்த அந்தக் கதவுக்குள் போய்க்கொண்டிருந்தது. மொத்தமும்.

உள்ளே இருமல் கேட்டது. போர்வை பிய்ந்து விழுந்தது. அந்த அம்மா வெளியே வந்தாள். முதல்முறையாக முழுசாகப் பார்க்கிறேன். ஒல்லி, கழுத்தில் அளவெடுக்கும் நாடா, கையில் தண்ணீர் சொட்டும் துண்டு. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். சட்டியைத் தாண்டி உள்ளே வந்தாள். குழந்தையின் மூக்கையும் வாயையும் ஈரத் துண்டால் சுற்றி, தூக்கிக்கொண்டு ஓடினாள். லிஃப்டில் இல்லை. படிக்கட்டில். வெறுங்காலோடு ஏழு மாடி.

நான் அலறிக்கொண்டே பின்னால் ஓடினேன். கீழே பனியில், ஊஞ்சல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குழந்தையைத் தன் சட்டைக்குள் விட்டு மேலே தன் கம்பளி மேலாடையை இழுத்து மூடியிருந்தாள். கால் பனியில் புதைந்து நீலமாகியிருந்தது. எங்கள் கட்டடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாகக் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கினேன். அவள் விடவில்லை. யாரோ போலீசுக்குச் சொன்னார்கள். வாட்ச்மேன் ஓடி வந்து குழந்தையை அவளிடமிருந்து விடுவித்து என்னிடம் கொடுத்தார்.

இங்கேதான் நான் சொல்ல வேண்டியது வருகிறது. குழந்தைக்கு ஷூவும் கோட்டும் எடுக்கிறேன் என்று, பூவிழியை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு மேலே போனேன். மேலே போனதும் முதலில் கண்ணில் பட்டது சட்டி. வீட்டு ஒப்பந்தத்தில் நெருப்பு சம்பந்தமாக ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறது, நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இவருடைய விசா ஏப்ரலில் நீட்டிக்க வேண்டும். போலீஸ் பதிவு என்று ஒன்று வந்தால்? கருகின வத்தலைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டேன். சட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். ஷூவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதற்குள் காற்று வேறு அடித்தது, போலீஸ்காரர்கள் மேலே வந்தபோது ஒரு வாசனையும் இல்லை. அலாரமும் அடிக்கவில்லையே.

போலீஸ்காரர் நீட்டிய போனில், மொழிபெயர்க்கிற ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். "எதிர்வீட்டுப் பெண் புகை வந்தது என்கிறார். உங்கள் வீட்டில் ஏதாவது எரிந்ததா?"

"இல்லை" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. நான் அவளைப் பற்றி ஒரு பொய் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்றேன், ஓடினாள்தானே. நல்லொழுக்கப் பாடத்தில் நான் ஐந்து வருடம் தொடர்ந்து முதல் பரிசு.

ராத்திரி இவர் ஷூவைக் கழற்றி வைக்க என் செருப்பை நகர்த்தியபோது அடியில் ஒரு வத்தல் கிடந்தது. பாதி கருகியது. சட்டியிலிருந்து தெறித்திருக்க வேண்டும். குனிந்து எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன ஜோதி?"

சொன்னேன். எல்லாவற்றையும். அவர் அந்த வத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்.எஸ்சி. படிச்சவ. ஜன்னலத் திறந்து வச்சா புகை எங்க போகும்னு உனக்குத் தெரியாதா?"

"நாளைக்குப் போய்ச் சொல்லிரவா?"

அவர் நல்ல மனிதர்தான் தாரிணி. ஷூவை எடுத்து ஓரமாக அடுக்கினார். பிறகு சொன்னார், "விசா வந்துரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்." வத்தலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் போட்டுக்கொண்டார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து என்னைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். சூக்யங் என்று பெயர். போலீசே அனுப்பி வைத்திருக்கிறது, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் சொல்கிற வேலை. நான்தானே பாதிக்கப்பட்டவள். பூவிழிக்கு ஒரு கரடி பொம்மை, எனக்கு ஒரு டப்பா ஆரஞ்சு. ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். ஒரு தாளை நீட்டினாள், வாழ்க்கையில் இதெல்லாம் உங்களுக்கு நடந்திருக்கிறதா, ஆமாம் இல்லை போடுங்கள் என்று. வெள்ளம். தீ. சாலை விபத்து. வேலை செய்யும் இடத்தில் விபத்து. அடி உதை. நெருங்கியவரின் திடீர் மரணம். பிள்ளையின் மரணம். நான் வரிசையாக இல்லை, இல்லை, இல்லை என்று போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் மற்றவை என்று ஒரு கோடு. அதில் என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று எழுதினேன்.

அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஒன்றுதான். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இதைக் கொடுத்தால் பாதிக்கு மேல் பேர் எங்காவது ஒரு இடத்தில் ஆமாம் போடுகிறார்கள். ஒன்று போட்டவர்கள் பெரும்பாலும் இரண்டாவதும் போடுகிறார்கள்" என்றாள்.

"பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்றேன். "எல்லாரும் இவ்வளவு நன்றாக உடுத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு."

"பார்த்தால் தெரிந்தால் எனக்கு எதற்கு இந்தத் தாள்?" என்று சிரித்தாள்.

அவள் போன பிறகும் அந்தத் தாள் என் கண்ணிலேயே நின்றது. எல்லாக் கேள்வியும் எனக்கு என்ன நடந்தது என்றுதான். நான் என்ன செய்தேன் என்று ஒரு கேள்வி அதில் இல்லை. இருந்திருந்தால் போட்டிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

போலீஸ் ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டது, தண்டனை வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கிறீர்களா என்று. விட்டுக்கொடுத்தேன். பெருந்தன்மை என்று அந்த அதிகாரி தலை குனிந்து வணங்கினார். அந்தக் காகிதத்தில்தான் அவள் பெயரைப் பார்த்தேன். ஹன் சுன்னிம். வயது ஐம்பத்துநாலு. கீழே இரண்டு வரி, இவர் மொழிபெயர்த்துச் சொன்னார். இல்லாத புகையை இருப்பதாக உணர்ந்திருக்கிறார், சிகிச்சை தேவை. அண்ணன் மகன் ஒருவன் வந்து கூட்டிப்போய் மனநல மருத்துவமனையில் சேர்த்தான்.

ராத்திரியில் சத்தமே இல்லை. நான் கேட்டது அதுதானே. தூக்கம்தான் வரவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் பார்சல் வாங்கக் கீழே போனபோது பே தன் அறைக்குள் உட்காரச் சொன்னார். பூவிழிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். பாதி போனில் எழுதி, பாதி கையால் காட்டி அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

சுன்னிம் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தவள். மூன்றாவது மாடி, நாற்பது மிஷின். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு போவாள். துணிக்கட்டு வைக்கிற அறையில், கட்டுகளுக்கு மேலே தூங்கப் போடுவாள். பஞ்சு பறந்து பிள்ளைக்கு மூச்சு முட்டக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு வருவாள். ஒருநாள் கீழ்த்தளத்தில் தீப் பிடித்தது. புகை மேலே வந்தது. அந்தக் கதவு சூட்டில் இறுகிவிட்டது. ஈரத் துணியோடு அவள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது மற்றவர்கள் அவளைப் பிய்த்துத் தூக்கி வந்தார்கள்.

"அவளே சாத்திய கதவு" என்று போன் எழுதிக் காட்டியது. இருபத்துநாலு வருடம். "அந்தப் பிள்ளை இருந்தால் இப்போது இருபத்தேழு."

எனக்கு இருபத்தேழு.

"தினம் ராத்திரி சாத்திப் பழகிப் பார்ப்பாள்" என்றார் பே. "டாக்டர் சொல்லியிருந்தார், ஒரு நிமிடம், அப்புறம் இரண்டு நிமிடம் என்று. நாங்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தோம்." பிறகு, நான் சங்கடப்படக் கூடாது என்று, அவசரமாக, "உங்களுக்குத் தெரியாதே" என்றார்.

பேச்சை மாற்றத்தான் இருக்கும், தபால் பெட்டிகளைக் காட்டினார். இந்தப் படிக்கட்டுக்கு இருபது கதவு. ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டார். இந்த வீட்டில் தம்பி கடலில். இந்த வீட்டில் புருஷன் கட்டட வேலையில் விழுந்தது. இது விபத்து. இது, அப்பா குடித்துவிட்டு, என்று கையை ஓங்கிக் காட்டினார். பன்னிரண்டு பெட்டி தொட்டார்.

"மீதி எட்டு வீட்டில் ஒன்றுமில்லையா?" என்று கேட்டேன்.

"மீதி எட்டுப் பேர் என்னிடம் சொல்லவில்லை."

தன் விரலில்லாத கையை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன் தாரிணி. போலீசிடமும் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் உள்ளே வந்ததும் முதலில் குழந்தையைத் தூக்கவில்லை. முதலில் என் மணிக்கட்டைத்தான் பிடித்தாள். பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். நான்தான் உதறினேன். உதறின பிறகுதான் குழந்தையைத் தூக்கினாள். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள், நான் வருகிறேனா என்று. வருகிறேன் என்று தெரிந்த பிறகுதான் மேற்கொண்டு இறங்கி ஓடினாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஷூ எடுக்க மேலே போனபோது எனக்கு எல்லாம் தெரியும்.

ஏப்ரல் தொடக்கத்தில் அவள் திரும்பி வந்தாள். முகம் உப்பி, நடை தளர்ந்து, மாத்திரை சாப்பிடுகிறவர்களின் முகம். முட்டுக்கட்டை மறுபடி வந்தது. ஆனால் என்னைப் பார்த்தால் போர்வைக்குப் பின்னால் ஒளியவில்லை. வெளியே வந்து நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். ஒவ்வொரு தடவையும். லிஃப்டு வரும்வரை நிமிர மாட்டாள். மன்னிப்புக் கேட்கிறாள். என்னிடம். பே சொன்னார், ஆஸ்பத்திரியில் அவளுக்குப் புரிய வைத்துவிட்டார்களாம், அன்றைக்குப் புகையே இல்லை என்று. இப்போது சோறு அடிப்பிடித்தால்கூடத் தன் மூக்கை நம்புவதில்லையாம். கீழ்மாடிக்காரியைக் கூப்பிட்டு, வாசனை வருகிறதா என்று கேட்பாளாம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போய், இருபத்துநாலு வருடம் கழித்து ஒரு பிள்ளையைப் புகையிலிருந்து வெறுங்காலோடு தூக்கி வந்திருக்கிறாள். அது நடக்கவே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னது நான்.

விசா நீட்டிப்பு இந்த மாதம் ஆறாம் தேதி வந்தது. இவர் அட்டையைக் காட்டினார். வாங்கி அலமாரியில் வைத்தேன். நாலு நாள் கழித்து, சாப்பிடும்போது, "போறதுன்னா போ. நானும் வரவா?" என்றார். வேண்டாம் என்றேன். அவருக்குப் பாஷை தெரியும், பேசி நன்றாக்கிவிடுவார். அது வேண்டாமென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து சட்டியை எடுத்தேன். நாலு மாதம், கழுவவே இல்லை, பைக்குள் கட்டிக் கிடந்தது. எதை எரித்தேன் என்று காட்ட, பழைய பொட்டலத்திலிருந்து ஒரு பிடி வத்தல் எடுத்துக்கொண்டேன். பூவிழியையும் கூட்டிக்கொண்டேன், அது எதற்கு என்று கேட்டால், குழந்தையைக் கண்டால் மனம் இளகும் என்று நினைத்திருப்பேன். இவரிடம் கேட்டு இந்த ஊர்ப் பாஷையில் மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். புகை இருந்தது. நான்தான் எரித்தேன். நீங்கள் சொன்னது உண்மை.

கதவு ஒரு ஜாண் திறந்திருந்தது. தட்டினேன். வந்தாள். என்னைக் கண்டதும் குனியத் தொடங்கினாள். குனிய வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, மனப்பாடம் செய்த மூன்றும் மறந்துபோயின. பையை அவிழ்த்துச் சட்டியை நீட்டினேன்.

அவள் பாதி குனிந்தபடி நின்றுவிட்டாள். நாலு மாதம் அடைபட்டிருந்த நெடி, தாரிணி, அன்றைக்கு எனக்கு வராத நெடி, அப்போது வந்தது. எனக்கு இருமல் வந்தது. பூவிழி தும்மினாள். அவள் இருமவில்லை. சட்டியை இரண்டு கையாலும் வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண்ணை மூடி ஒரு தடவை முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். கருகல் ஒட்டியிருந்த இடத்தை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள். தோள் இரண்டும் மெல்ல இறங்கின. ஏதோ ஒன்றைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சின்னக் குரலில். கண்ணில் நீர் நிறைந்து நின்றது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது அந்த ஒரு நொடி. அழுதுவிடுவாள், நானும் அழுதுவிடலாம் என்று இருந்தேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குழந்தையை இல்லை, என்னை. சட்டியைப் பார்த்தாள். அது சுற்றியிருந்த பையைப் பார்த்தாள், அதில் நான் அவிழ்த்த முடிச்சின் சுருக்கத்தைப் பார்த்தாள். கட்டி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தே வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

பூவிழி அவள் பாவாடையைப் பிடித்தாள். அவள் உட்கார்ந்து, குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விடுவித்தாள். தலையை ஒரு தடவை தடவினாள். சட்டியை என் காலடியில் வைத்தாள். பிறகு அந்த முட்டுக்கட்டையைக் குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதவைச் சாத்தினாள். மூன்று சுரம் ஏறியது. நான் காத்திருந்தேன். ஒரு நிமிடம் ஆகும், திறந்துவிடுவாள், அவளால் முடியாது, எனக்குத்தான் தெரியுமே. குழந்தையோடு அங்கேயே நின்றேன். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. உள்ளே கதவுக்கு மிக அருகில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது, படியேறி வந்தவள் மாதிரி. திறக்கவில்லை.

அப்புறம், உள்ளேயிருந்து, தாழ்ப்பாள் விழுந்தது.